அப்பாயியின் ஈயச் சொம்பு

இளநிலை வேதியியல் முதலாண்டில் மாணவர்கள் ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது எங்கள் துறையில் நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். தலைப்பு நான் கொடுப்பதில்லை. கேள்வி அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. போன வருடம் ஒரு மாணவி மஞ்சள் பையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். நெளிந்து, மங்கிய வெள்ளி நிறத்தில், அடியில் கரி படிந்த சொம்பு.

"எங்க அப்பாயிது சார், அப்பாவோட அம்மா. இதுலதான் ரசம் வைப்பாங்க. சித்தப்பா வாட்ஸப்புல ஒரு மெசேஜ் அனுப்பிட்டாரு. ஈயம் விஷம், புள்ளைங்க மூளையைக் கெடுக்கும்னு. அப்பாயி ரெண்டு நாளா யார்கிட்டயும் சரியா பேசல. நாப்பது வருஷமா உங்க எல்லாருக்கும் விஷத்தையா ஊத்தினேன்னு கேக்குறாங்க."

அந்த வருடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்பவருக்குப் பதில் உண்மையிலேயே தேவைப்பட்டது. மதிப்பெண்ணுக்காகக் கேட்கும் கேள்விக்கும் வீட்டில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதால் கேட்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம், தேடும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

அவள் நோட்டில் எழுதி வந்திருந்த கேள்வி: "ஈயச் சொம்பு உடலுக்கு நல்லதா, கெட்டதா?" கரும்பலகையில் அப்படியே எழுதினேன். 'நல்லது' என்பதை எந்தக் கருவியில் அளப்பது என்று வகுப்பைக் கேட்டேன். பதில் வரவில்லை. சரி, அதைப் பிறகு பார்ப்போம், முதல் சொல்லுக்கு வருவோம், ஈயம் என்றால் என்ன என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், இது ஒரு கேள்வியா என்பதுபோல.

முன்வரிசைப் பையன் ஒருவன், "தனிம எண் 82 சார், பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கு" என்றான். இன்னொருத்தி, "ஈயம் பூசுறதுன்னு சொல்றோமே, பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள, அது 82 கிடையாது, 50" என்றாள். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "எங்க ஊர்ல அலுமினியச் சட்டியைத்தான் ஈயச் சட்டின்னு சொல்வாங்க சார்."

மூன்றும் சரி. 'பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் குரல் கொடுத்தவருக்கு நம் வீடுகளில் எடுத்துக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் நசுங்கிய அலுமினியப் பாத்திரங்கள்தான். கும்பகோணம் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் ஈயச் சொம்பு என்று விற்பது வெள்ளீயம் (ஆங்கிலத்தில் டின், தனிம எண் 50). பள்ளிப் பாடத்தில் வரும் ஈயம் காரீயம் (லெட், தனிம எண் 82). ஒரே சொல்லுக்குள் மூன்று உலோகங்கள். அவற்றில் காரீயத்துக்கு மட்டும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே சொல்லால் சுட்டப்படும் வெள்ளீயத்தைத்தான் செம்பும் பித்தளையும் உணவில் கரையாமலிருக்க உட்பூச்சாகப் பூசுகிறோம். ஒழுங்காக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் உணவுக்குத் தகுதியற்றது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன.

சித்தப்பாவின் செய்தியில் ரோமானியப் பேரரசே ஈயத்தால் அழிந்தது என்று ஒரு வரி இருந்தது. ரோமர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினார்கள் என்பது உண்மை. பேரரசு அதனால்தான் வீழ்ந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்காத முடிவு. ஆனால் இந்த வரியில் என்னை நிறுத்தியது வேறொன்று. ரோமர்களுக்கும் நம்மைப்போலவே ஒரு சொல்தான் இருந்தது. காரீயத்தை 'பிளம்பம் நைக்ரம்', அதாவது கறுப்பு பிளம்பம் என்றார்கள். வெள்ளீயத்தை 'பிளம்பம் ஆல்பம்', வெள்ளை பிளம்பம். நம் காரீயமும் வெள்ளீயமும் அப்படியே. மிருதுவாக, எளிதில் உருகுவதாக, கொஞ்சம் வெளுத்தும் கறுத்தும் இருந்த இரண்டு உலோகங்களை இரண்டு நாகரிகங்கள் தனித்தனியே ஒரே குடும்பமாகப் பார்த்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. குழப்பம் தன் அறியாமையால் வந்ததில்லை, மொழிக்குள்ளேயே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அன்று மாலை அவள் நோட்டில் கேள்வி மாறியிருந்தது. "அப்பாயியின் சொம்பு வெள்ளீயமா, காரீயமா?" முதல் கேள்வியைவிட இது எவ்வளவோ சின்னது. ஆனால் இதற்குப் பதில் உண்டு.

அடுத்த வாரம் தேடல். ஆதாரங்களைப் பற்றிப் பேச நான் தனியாகப் பாடம் நடத்துவதில்லை. எந்தத் தளம் நல்லது, எந்தத் தளம் கெட்டது என்று பட்டியல் கொடுத்தால் பிள்ளைகள் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு வெளியே ஒரு தளம் வந்தால் கை ஓடுவதில்லை. கேள்வி கூர்மையாக இருந்தால் ஆதாரத்தை எடைபோடுவது பாதி தானாகவே நடக்கிறது. எடுத்து வரும் ஒவ்வொன்றிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: இவர் எதை அளந்துவிட்டு இதைச் சொல்கிறார்?

முதலில் வாட்ஸப் செய்தி. அதன் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து அப்படியே தேடச் சொன்னேன். ஆறு பக்கங்களில் அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழையோடு கிடைத்தது. "ஆறு பேர் சொல்றாங்க சார்" என்றான் அவளுடைய குழுவில் இருந்த பையன். எழுத்துப்பிழையைக் காட்டினேன். ஒரு ஆள் சொன்னதை ஐந்து பேர் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு ஆள் எந்தச் சொம்பையும் அளக்கவில்லை. காரீயத்தின் நச்சுத்தன்மை பற்றிய சரியான தகவலை வெள்ளீயச் சொம்பின் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார். தகவல் பொய்யில்லை, அது பேசும் பொருள் வேறு. இப்படிப்பட்ட ஆதாரத்தை இனங்காண்பதுதான் முதலாண்டு மாணவருக்குக் கடினம். அப்பட்டமான பொய்யை அவர்களே பிடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கத்திலும் இதே கோளாறு. 'வெள்ளீயம் கொடிய நஞ்சு' என்று நிரூபிக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒரு பெண் கட்டாகக் கொண்டு வந்தாள். மதிப்புள்ள ஆய்விதழ்களில் வந்தவைதான். படித்துப் பார்த்தால் அவை கரிம வெள்ளீயச் சேர்மங்களை, அதாவது வெள்ளீயம் கார்பனோடு பிணைந்த சேர்மங்களைப் பற்றியவை. கப்பலின் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசிய சாயத்தில் இருந்த டிரைபியூட்டைல் டின் கடலுயிர்களுக்குச் செய்த கேடு பெரியது. அதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ரசச் சொம்பில் இருப்பது உலோக வெள்ளீயம். அமிலத்தில் கரைந்து வருவது கனிம உப்பு. குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அளவு மிஞ்சினால் வயிற்றைப் புரட்டும், ஆகவே டப்பா உணவுக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்று பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரே தனிமம், வேறு சேர்மம், வேறு கதை. சோடியம் தண்ணீரில் பற்றி எரிகிறது என்பதற்காக யாரும் உப்பைத் தூக்கியெறிவதில்லை என்று சொன்னதும் வகுப்புக்குச் சட்டென்று விளங்கியது.

இனி அளப்பது. சொம்பைச் சுரண்ட அப்பாயி அனுமதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுரண்டாமல் பார்க்க வேண்டும் என்றால் அடர்த்திதான் வழி. வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம் அளவில், காரீயத்துக்கு 11.3, அலுமினியத்துக்கு 2.7. மூன்றும் நன்றாகத் தள்ளித்தள்ளி நிற்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. குழுவில் இருவர் வெள்ளீயத்துக்கு 7.3 என்று எழுதி வந்திருந்தார்கள், ஒருவன் 5.8 என்று. எந்தத் தளம் தப்பு என்று சண்டை. இரண்டுமே தப்பில்லை. வெள்ளீயத்துக்கு இரண்டு புறவேற்றுமை வடிவங்கள் உண்டு, அதாவது ஒரே தனிமம் அணுக்களை வேறு வேறு விதமாக அடுக்கி எடுக்கும் வடிவங்கள். நாம் பார்க்கும் வெள்ளை உலோகம் ஒன்று. ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிலையானது சாம்பல் நிறத்து நொறுங்கும் வடிவம். அதன் அடர்த்திதான் 5.8. அந்தப் பையன் அட்டவணையின் இரண்டாவது வரியை எடுத்துவிட்டான், மேலே இருந்த தலைப்பைப் படிக்கவில்லை. ஒரு எண்ணை எடுக்கும்போது அது எந்த வெப்பநிலையில், எந்த வடிவத்துக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். இந்த ஒரு சண்டை கற்றுக் கொடுத்ததை என் பேச்சு கற்றுக் கொடுத்ததில்லை. (நெப்போலியன் படையின் சட்டைப் பொத்தான்கள் ரஷ்யக் குளிரில் இப்படித்தான் பொடிப்பொடியாயின என்ற கதையையும் கூடவே கொண்டு வந்தான். அழகான கதை. ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. அந்த மாற்றம் பொதுவாக மிக மெதுவாக நடப்பது, உலோகத்தில் கொஞ்சம் காரீயம் கலந்திருந்தாலே தடைபடுவது.)

எங்கள் ஆய்வகத்து நுண்தராசில் சொம்பு நிற்காது. பக்கத்து மளிகைக் கடையில் இருப்பதுபோன்ற ஒரு மின்தராசை வைத்துக்கொண்டோம், ஒரு கிராம் வரை காட்டும். சொம்பின் எடை ஏறக்குறைய 400 கிராம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைச் சுழியாக்கி, சொம்பை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுதாக முக்கினோம். தராசு காட்டும் எடைதான் சொம்பு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. வெள்ளீயமாக இருந்தால் 55 கிராம் காட்ட வேண்டும். காரீயமாக இருந்தால் 35. அலுமினியமாக இருந்தால் 148. கணக்கை முன்னாடியே போட்டுப் பலகையில் எழுதிவிட்டுத்தான் முக்கச் சொன்னேன். விடை வந்த பிறகு கணக்கைப் போட்டால் மனசு விடைக்கேற்றபடி வளைந்துகொடுக்கும்.

முதல் தடவை 60 வந்தது. சொம்பின் கழுத்துக்குள் காற்று மாட்டியிருந்தது. சாய்த்து, குமிழியை வெளியேற்றி, மறுபடி முக்கினோம். 55. மறுபடி 55. மறுபடி 54, பிறகு 55.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். அப்பாயிக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறும்மா என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேதியியல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்த 55 என்ன சொல்கிறது? இது காரீயச் சொம்பு இல்லை, அலுமினியமும் இல்லை. இவ்வளவும் உறுதி. தூய வெள்ளீயம் என்று சொல்கிறதா? கணக்குப் போடச் சொன்னேன். 400 கிராம் சொம்பில் 5 சதவீதம், அதாவது 20 கிராம் காரீயம் கலந்திருந்தால் இடம்பெயரும் தண்ணீர் 54 கிராம். தூய வெள்ளீயத்துக்கு 55. எங்கள் தராசின் மிகச் சிறிய படியே ஒரு கிராம். அந்த ஒரு கிராமுக்குள் இருபது கிராம் காரீயம் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு. ஆகவே கலப்படம் செய்யக் காரணமும் இருக்கிறது. பழைய பற்றாசைக் கம்பிகளை உருக்கிச் சேர்த்தாலும் காரீயம் வரும். 'இந்தச் சொம்பின் அடர்த்தி வெள்ளீயத்தோடு ஒத்துப்போகிறது' என்று எழுதலாம். 'இந்தச் சொம்பு பாதுகாப்பானது' என்று எழுத முடியாது. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அவள் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குழுவில் ஒருவன் ஒரு வீடியோவைக் காட்டினான். பாத்திரத்தில் புளித்தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றுகிறார் ஒருவர். மஞ்சள் வரவில்லை, எனவே காரீயம் இல்லை என்று முடிக்கிறார். சோதனை நாம் உப்புப் பகுப்பாய்வில் செய்வதுதான். காரீய அயோடைடின் அந்தப் பொன்மஞ்சளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் எவ்வளவு காரீயம் இருந்தால் மஞ்சள் வரும்? கரைதிறன் பெருக்கத்தை, அதாவது ஓர் உப்பு தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று காட்டும் எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டோம். அயோடைடு 0.1 மோலார் செறிவில் இருந்தால்கூட, லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் மேல் காரீயம் இருந்தால்தான் வீழ்படிவே தொடங்கும், அதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு இன்னும் அதிகம் வேண்டும். குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வரம்பைப் பத்து மடங்குக்கும் மேல் தாண்டிய தண்ணீர்கூட அந்த வீடியோவில் தேறிவிடும். போதாக்குறைக்குப் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் காரீய அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீடியோ செய்தவர் ஏமாற்றவில்லை. அவருடைய சோதனை பார்க்க முடிந்ததும் அவர் சொன்ன முடிவும் வேறு வேறு உயரத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

விற்பனைத் தளம் ஒன்று வைத்திருந்த ஆய்வகச் சான்றிதழையும் இதே கண்ணோடு பார்த்தார்கள். எந்த மாதிரி, எந்த முறை, கருவி கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன, எந்தத் தேதி. நான்கில் இரண்டுக்குத்தான் அதில் பதில் இருந்தது.

நல்ல ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிப்பதும் இதே வேலைதான் என்று காட்ட, செம்புப் பானை பற்றி 2012-இல் வந்த ஓர் இந்திய ஆய்வை வகுப்புக்குக் கொடுத்தேன். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்திருந்து சோதித்தார்கள். உயிரோடு எதையும் மீட்க முடியவில்லை. இணையத்தில் சுற்றும் 'செம்புத் தண்ணீர் சகல நோயும் தீர்க்கும்' என்ற வரிகளில் பலவும் கடைசியில் இந்தக் கட்டுரையில் வந்து முட்டும். கட்டுரை அப்படிச் சொல்லவே இல்லை. கரைந்த செம்பு லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவில் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 2 மில்லிகிராம், அதற்கு மிகவும் கீழே. நம் இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 0.05, வேறு தண்ணீர் கிடைக்காதபோது அனுமதிக்கும் உச்சம் 1.5. ஆகவே அதே 0.18 ஒரு கோட்டுக்கு மேலே, இன்னொரு கோட்டுக்குக் கீழே. எண் ஒன்றுதான். 'பாதுகாப்பான அளவுக்குள்' என்று எழுதினால் யாருடைய அளவு என்றும் எழுத வேண்டும்.

சொம்புக்குத் திரும்புகிறேன். அவள் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய கேள்வி இது: "அப்பாயியின் சொம்பில், வீட்டில் ரசத்துக்குக் கரைக்கும் அளவு புளியைக் கரைத்து 20 நிமிடம் கொதிக்க வைத்தால், கரைசலில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டுகிறதா? அதே கரைசலை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் எவ்வளவு?" கீழே ஒரு குறிப்பு: இந்த வரம்பு குடிநீருக்கானது, ரசத்துக்கு அதை எடுத்துக்கொண்டது நாங்கள் செய்த தேர்வு. இரண்டாவது பாதியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. புளியிலேயே, தண்ணீரிலேயே, உப்பிலேயே காரீயம் இருந்தால் சொம்பின் மேல் பழி விழக்கூடாது என்று அவளாகவே யோசித்து ஒப்பீட்டுச் சோதனையைச் சேர்த்திருந்தாள். அதற்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானி வேண்டும், கரைசலில் இருக்கும் மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி. எங்கள் துறையில் இல்லை. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்; இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் கிடைத்த ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து மாதிரி தயாரிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறாள். அமிலத்தில் கழுவிய புட்டி வேண்டும் என்பதெல்லாம் அதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு சின்ன விஷயம். சொம்பை வெறுமையாக அடுப்பில் வைக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தீயை மூட்ட வேண்டும் என்று அப்பாயி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எங்கள் ஆதாரப் பட்டியலில் அப்பாயியின் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். எதற்கு ஆதாரமாக என்று கேட்டேன். "இந்தச் சொம்பை எப்படிப் பயன்படுத்தினாங்க, எத்தனை வருஷமா, யார்கிட்ட வாங்கினாங்கங்கிறதுக்கு சார். உலோகம் என்னன்னு சொல்றதுக்கு இல்ல." சேர்த்துக்கொள் என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் அப்பாயியிடம் போனில் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "அப்பாயி, இது காரீயச் சொம்பு இல்ல. அது நிச்சயம். கொஞ்சம் கலந்திருக்கான்னு பார்க்க வேற மெஷின் வேணும், கேட்டிருக்கோம். அது வர்ற வரைக்கும் எவர்சில்வர்ல வைங்க." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "சொம்பை அங்கேயே வச்சுக்கச் சொல்றாங்க சார், பார்த்து முடிக்கிற வரைக்கும். ஆனா புளி போட்டுத் தேய்ச்சு வைக்கணுமாம்."